முறைப்பட்டியலில் விடுபட்ட வீடு

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் 42. தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் அது. சேகரத்தில் இன்னும் பல கோயில்கள் இருப்பதால் போதகரான ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர் ஆராதனை நடத்துவார். புதன்கிழமை இரவுகளில் வீட்டு ஜெபம். எந்த வாரம் யார் வீட்டில் என்ற முறைப்பட்டியலை எழுதிக் கோயில் கதவின் உட்புறம் ஒட்டும் வேலை சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது.

கீழத்தெருவின் கடைசி வீட்டை நான் அந்தப் பட்டியலில் சேர்த்ததே இல்லை. பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவையின் வீடு. எனக்குச் சித்தி முறை. ஒற்றை அறை, தகரக் கூரை. ஜெபம் முடிந்ததும் வந்தவர்களுக்குக் காப்பியும் சுண்டலும் கொடுப்பது வழக்கம். முப்பது பேருக்கு என்றால் பாலுக்கும் சீனிக்கும் அவர் எங்கே போவார் என்று நினைத்து விட்டுவிட்டேன். எனக்கு முன்னால் பட்டியல் எழுதியவரும் அப்படியே நினைத்திருக்கிறார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சித்தி வந்து நின்றார். “தம்பி, எங்க வீட்டுக்கு மட்டும் ஜெபம் வர மாட்டேங்கு, ஏன்?” உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்றுதான் விட்டோம் என்றேன். “சிரமம்னா அத நான்லா சொல்லணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடிப் படித்ததிலிருந்தும் யோசித்ததிலிருந்தும் பிறந்தது இந்தக் கட்டுரை. சபையில் நட்பைப் பற்றியும் விருந்தோம்பலைப் பற்றியும் பேசும்போதெல்லாம் நாம் கொடுப்பவர்களைப் பற்றியே பேசுகிறோம். யார் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, யார் கை தாராளம் என்றுதான் பிரசங்கமும் பாராட்டும் போகின்றன. நமக்குக் கீழே என்று நாம் மனதுக்குள் வைத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்குப் போய், அவர் விரித்த பாயில் உட்கார்ந்து, அவர் ஊற்றிக் கொடுப்பதைக் குடிப்பது பற்றிப் பேச்சே எழுவதில்லை. சிறிய சபையின் நட்பு பிடிப்பதும் அறுந்துபோவதும் அந்த இடத்தில்தான் என்று நான் எண்ணுகிறேன்.

நட்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆராதனை நடக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதிலாக ஓர் ஆய்வைச் சொல்லலாம். சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரு சமூக அறிவியல் அறிஞர்கள் 2010இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 2006லும் 2007லும் ஒரே ஆட்களிடம் இரண்டு முறை கேட்டுத் திரட்டிய பதில்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட வாழ்க்கையில் நிறைவோடு இருப்பதாகச் சொல்வது ஏற்கெனவே தெரிந்த செய்தி. எதனால் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வாரந்தோறும் ஆராதனைக்கு வந்து, சபைக்குள் மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களும் இருப்பவர்களில் 33 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கையில் மிகுந்த நிறைவு என்றார்கள். வாரந்தோறும் வந்தும் சபைக்குள் ஒரு நண்பரும் இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 19 சதவீதம். கோயில் வாசலையே மிதிக்காதவர்களிலும் அதே 19 சதவீதம்தான். அமெரிக்கக் கணக்கை அப்படியே தேரிக்காட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஞாயிறுதோறும் தவறாமல் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமலே வீட்டுக்குப் போகும் முகங்கள் எங்கள் கோயிலிலும் உண்டு. இந்த எண்களைப் படித்த நாளில் அந்த முகங்கள்தான் என் கண்முன் வந்தன.

முதல் நூற்றாண்டில் கோயில் என்று தனிக் கட்டடம் கிடையாது. சபை கூடியது வீடுகளில். கொரிந்து நகரச் சபை மொத்தத்துக்கும் காயு என்பவர் வீட்டுக்காரராக இருந்ததை ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் பவுல் போகிறபோக்கில் சொல்கிறார். அத்தகைய வீடு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்? ஜெரோம் மர்ஃபி-ஓ’கானர் என்ற அறிஞர் கொரிந்துக்கு அருகே அனாப்லோகாவில் தோண்டியெடுத்த ஒரு மாளிகையைக் கொண்டு கணக்குப் போட்டார். சாப்பாட்டறை சுமார் 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர். சாய்ந்து படுத்துச் சாப்பிடும் ரோமானிய வழக்கப்படி அதில் ஒன்பது பேருக்குத்தான் இடம். மீதி முப்பது நாற்பது பேர் முற்றத்தில் இருக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் சீக்கிரம் வந்து உள்ளறையில் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வேலை முடிந்து தாமதமாக வரும் அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் முற்றமும் மிச்சமும்தான். சிலர் பசியாயிருக்கச் சிலர் வெறித்திருந்தார்கள் என்று பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொண்டதன் பின்னணி இதுதான் என்பது மர்ஃபி-ஓ’கானரின் விளக்கம். அந்த மாளிகையை மாதிரியாக எடுத்தது சரியில்லை, ஏழைகள் குடியிருந்த மாடி அறைகளில் கூடியிருக்கலாம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டடம் எதுவானாலும் பவுலின் கோபத்துக்குக் காரணம் ஒன்றுதான். ஒரே கர்த்தருடைய பந்திக்கு வந்தவர்கள் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிடவில்லை.

நிருபங்களில் விருந்தோம்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பிலோக்செனியா. அந்நியனிடம் காட்டும் அன்பு என்பது அதன் பொருள். நம் மொழியில் விருந்து என்ற சொல்லுக்கும் புதுமை, புதிதாய் வந்தவர் என்ற பொருள்தான் முதலில் இருந்தது. தொல்காப்பியம் புதுவகையாகப் பாடும் செய்யுளை விருந்து என்றே அழைக்கிறது. சொந்தக்காரர் வந்து சாப்பிட்டுப் போவதை நம் முன்னோர் அந்தச் சொல்லுக்குள் அடக்கவில்லை. இன்று நாமோ கல்யாணப் பத்திரிகை வைத்து அழைத்த உறவுகளுக்குப் போடும் சாப்பாட்டைத்தான் விருந்து என்கிறோம்.

சுவிசேஷங்களை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தபோது இத்தனை நாள் கவனிக்காத ஒன்று தென்பட்டது. இயேசு விருந்தளிப்பவராக வரும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் விருந்தாளியாகவே வருகிறார். லேவியின் வீடு, பரிசேயனான சீமோனின் வீடு, பெத்தானியாவில் மார்த்தாளின் வீடு. எரிகோவில் மரத்தில் இருந்த வரிவசூல்காரன் சகேயுவிடம் உன் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கக்கூட இல்லை. தங்கப்போவதாகவே சொல்லிவிடுகிறார். ஊர் முணுமுணுத்ததும் அதைப் பற்றித்தான். பாவிக்குக் கொடுத்திருந்தால் தர்மவான் என்று புகழ்ந்திருக்கும். பாவியிடம் வாங்கிச் சாப்பிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. எழுபது பேரை ஊர் ஊராக அனுப்பும்போதும் பணப்பை எடுக்காதீர்கள், முன்வைப்பதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்பதே கட்டளை. கையில் ஒன்றுமில்லாமல் போகிறவன் கொடுக்க முடியாது, வாங்கத்தான் முடியும். செசரியாவில் புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டுக்குப் போய்வந்த பேதுருவிடம் எருசலேமில் இருந்தவர்கள் வழக்குக்கு வந்ததும், ஏன் பிரசங்கித்தாய் என்றல்ல, அவர்களோடு ஏன் சாப்பிட்டாய் என்றுதான். அந்தப் பேதுருவே பின்னர் அந்தியோகியாவில் புறஜாதியாரோடு இருந்த பந்தியிலிருந்து விலகியபோது பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்து நின்றார். சபையின் ஆரம்பகாலச் சண்டைகளில் பெரியவை பந்தியில்தான் வெடித்தன.

பந்திச் சண்டை என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. யாரிடமிருந்து யார் சமைத்ததை வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கொண்டே ஓர் ஊரின் சாதிப் படிநிலையைக் கணக்கிட்டுவிடலாம் என்று மெக்கிம் மேரியட் என்ற மானுடவியலாளர் உத்தரப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றை வைத்து 1968இல் காட்டினார். மேலே இருப்பவர் கீழே கொடுக்கலாம். கொடுப்பதால் அவருடைய மேன்மை குறையாது, கூடத்தான் செய்யும். கீழே இருப்பவரிடம் வாங்கினால்தான் இழப்பு. ஏழைகளுக்கு அன்னதானம் செய்வது எளிதாகவும், ஏழை வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவது கடினமாகவும் இருப்பதன் காரணம் அங்கே இருக்கிறது. கிறிஸ்தவர்களும் அதே மண்ணில் வளர்ந்தவர்கள்தாம்.

1706இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கியதிலிருந்து தொடங்கிய சபைகளில், சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பான உத்தரவு அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கலகமாயிற்று. பலர் வெளியேறினார்கள். தஞ்சையின் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரும் இந்த விஷயத்தில் மிஷனரிகளுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அவருடைய பாடல்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதைப் படிக்க வருத்தமாக இருந்தது. எவ்வளவு ஆழமான பக்தியும் பந்திக்கு வரும்போது தயங்கி நின்றுவிட முடியும் என்பதை அவர் கதையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் அமெரிக்க மிஷன் வேறு வழியில் போனது. 1847இல் சபையாரும் உபதேசிமாரும் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விதித்தது. அன்பின் விருந்து என்று பேர். மறுத்தவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர் சபையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். அவர்களில் உபதேசிமார் பலர். கொள்கையளவில் மிஷன் சொன்னது நியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. பந்தியைப் பரீட்சையாக்கி, சாப்பிடுகிறவனின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில், சமைத்துப் பரிமாறியவரின் மனம் என்னவாயிருக்கும்? அவருடைய சோறு அங்கே சோதனைப் பொருள். சகேயுவின் வீட்டுக்குப் போனவர் சகேயுவைப் பார்க்கப் போனார். மதுரைப் பந்தியில் அந்தச் சமையற்காரரைப் பார்க்க யார் போனார்கள்?

சட்டமும் உத்தரவும் இல்லாமல் ஒரு சிறு கூட்டம் எப்படி ஒன்றாகிறது என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கமே ஒரு பழைய சான்று உண்டு. 1778இல் பாளையங்கோட்டையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் குளோரிந்தா. தஞ்சை மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்ததால் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பேர், பல சாதியார். பட்டியல் குளோரிந்தாவின் பேரில் தொடங்குகிறது. 1785இல் அங்கே கட்டிய சிறு கோயில் அவர் முயற்சி. அவர் வெட்டிய கிணறு பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே ஊர்ப்பேச்சில் நின்றுவிட்டது. மறுக்கப்பட்ட ஒருத்தி முதல் பேராகி, தண்ணீருக்காக ஊர் ஊராகச் சண்டை நடந்த மண்ணில் தண்ணீரைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். 40 பேர் என்பது எங்கள் சபையைவிடவும் சிறியது.

அடுத்த தலைமுறையில் விருந்தோம்பல் தட்டிலிருந்து நிலத்துக்குப் போனது. சொந்த ஊரில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக 1799இல் உபதேசி தாவீது சுந்தரானந்தம் முன்னின்று நிலம் வாங்கி முதலூர் என்ற ஊரை உண்டாக்கினார். 1830இல் மிஷனரி இரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கமும் அதே நோக்கத்துக்குத்தான், ஓடிவந்தவர்கள் குடியேற மனை வாங்கிக் கொடுக்க. விருந்தாளியை விருந்தாளியாகவே வைத்திருக்காமல் வீட்டுக்காரராக்கி அனுப்புவது இது. வந்தவர் தமக்கென ஒரு திண்ணை கிடைத்த பிறகு அடுத்து வருபவரை உட்காரச் சொல்ல முடியும். அன்பளிப்புப் பொட்டலம் கொடுக்கும் இன்றைய சபைகள் இதை மறந்துவிட்டன.

எங்கள் பக்கத்து அசனத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை முடிவில் ஊர் முழுக்கச் சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு அது. அசனம் என்றால் வடமொழியில் உணவு. பேச்சில் அது பண்டிகையின் பேராகவே ஆகிவிட்டது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. முந்தின நாள் மாலை கோயில் முற்றத்தில் ஓலைப்பாயை விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். கண்ணீர் வழிய வழியப் பேச்சு நிற்காது. ஆண்கள் விறகு அடுக்கி, செங்கலில் அடுப்புக் கூட்டி, ஆட்டுக்கறியை வெட்டுவார்கள். விடியலில் பெரிய அண்டாவில் குழம்பு கொதிக்கும்போது ஐயர் ஜெபம் செய்வார். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்களும் வந்து பந்தியில் உட்கார்ந்து, அன்று பனை ஏறிவிட்டு வந்தவருக்குப் பக்கத்து இலையில் சாப்பிடுவார்கள். பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் தூக்குவாளியோடு வருவார்கள்.

அசனத்தின் அழகு, அதில் வீட்டுக்காரர் என்று யாரும் இல்லை என்பதுதான். எல்லாரும் கொடுத்தார்கள், எல்லாரும் வாங்கினார்கள். வரிக்குச் சக்தியில்லாதவர்கூட வெங்காயம் உரித்த கையோடு வந்து உட்காருகிறார். அன்றைக்கு உண்டாகும் நெருக்கம் உண்மையானது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள். அடுத்த நாள் கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் அவரவர் தெருவுக்குப் போய்விடுகிறோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் அடுப்படி நமக்குத் தெரியாது.

சிறிய சபைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. எங்கள் ஊரில் பெரும்பாலும் எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்று. மாமா, சித்தப்பா, மயினி, பெரியம்மை என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்த நெருக்கம் உள்ளே இருப்பவருக்குக் கூரை, வெளியிலிருந்து வருபவருக்குச் சுவர். பள்ளிக்கூடத்துக்கு மாறுதலாகி வந்த ஓர் ஆசிரியை இரண்டு ஆண்டு எங்களோடு ஆராதித்தார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் டீச்சர் என்ற பேரைத் தாண்டி யாரும் அவரை அழைக்கவில்லை. முறை இல்லாதவருக்கு நம் பேச்சில் உட்கார இடமில்லை. எங்கள் கோயில்பிள்ளையின் மகள் ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “அக்கா, உங்க ஊர்ல இத எப்படி வைப்பீக?” என்று கேட்டாள். அன்று சாயங்காலம் டீச்சரே கீரை வைத்து அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அக்கா என்ற சொல்லைவிட, உங்களிடம் கற்றுக்கொள்கிறேன் என்ற கேள்விதான் கதவைத் திறந்தது என்று நினைக்கிறேன்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் அது வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில், பழங்காலச் சபையின் சமாதான வாழ்த்து திரும்ப வந்தது. முத்தத்துக்குப் பதிலாகக் கை. கொடுப்பவரின் வலக்கையும் வாங்குபவரின் வலக்கையும் சேர, இருவருடைய இடக்கைகளும் மேலே மூடுகின்றன. கவனித்துப் பார்த்தால் அந்த நான்கு கைகளில் எது கொடுக்கிறது, எது வாங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல இடங்களில் அது இன்று அவசரக் கும்பிடாகச் சுருங்கிவிட்டது எனக்குக் குறையாகப் படுகிறது.

விருந்தோம்பலைப் புகழ்பவர்கள் அதைச் சுமப்பவர்களையும் பார்க்க வேண்டும். நம் சபைகளில் அது பெண்களின் முதுகில் இருக்கிறது. ஐயரம்மாவுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் எந்த நேரத்தில் யார் வந்தாலும் அவர் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். டிடாக்கே என்ற ஆதிச்சபை ஒழுங்குநூல், ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. முதலில் கடுமையாகத் தோன்றினாலும், வீட்டுக்காரரின் அரிசிப் பானையை யோசித்து எழுதிய விதி அது. அளவு வைத்தால்தான் கதவைத் தொடர்ந்து திறந்து வைக்க முடியும்.

எங்கள் புதன்கிழமை ஜெபத்தில் அந்த அளவு என்றோ தொலைந்திருந்தது. முன்பு வெறும் காப்பி. ஒரு வீட்டில் சுண்டல் வந்தது. அடுத்த வீட்டில் கேசரி, பிறகு உளுந்தவடை. அன்பினால்தான் எல்லாரும் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு பலகாரமும் கீழத்தெருக் கடைசி வீட்டை ஓர் அடி தள்ளிவைத்தது. சித்தியைச் சிரமத்திலிருந்து காப்பாற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, உண்மையில் வீட்டுக்காரராக இருக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்து வைத்திருந்தேன். அவருக்கு அரிசி கொடுத்தோம், கிறிஸ்மஸுக்குச் சேலை கொடுத்தோம். திருப்பிக் கொடுக்க மட்டும் விடவில்லை. வாங்க மட்டுமே அனுமதிக்கப்பட்டவர் சபையில் உறுப்பினராக இருக்கலாம், யாருக்கும் நண்பராக முடியாது.

சபை மன்றத்தில் எடுத்துச் சொன்னேன். இனி எந்த வீட்டிலும் கருப்பட்டிக் காப்பி மட்டும், பால் வேண்டாம், பலகாரம் வேண்டாம் என்று முடிவாயிற்று. சிலருக்கு வருத்தம். உளுந்தவடைக்குப் பேர்போன மயினி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம்தான், அவருடைய அன்பு வெளிப்படும் வழியை அடைத்திருந்தேன். வடையை அசனத்துக்கு அவர் பொறுப்பில் விட்ட பிறகு சமாதானமானார்.

அந்தப் புதன்கிழமை சித்தி வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வாசலிலும், எதிர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தோம். மரக்கடை மாமா கதவோரத்தில் காலை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தார். பீடி இலை நறுக்கும் கத்தரியும் முறமும் சுவரோரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜெபம் முடிந்ததும் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய டம்ளர்களில் காப்பி வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. சுக்கு கொஞ்சம் தூக்கல். “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்த சித்தியின் குரல் அவ்வளவு பெரியது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். கோயிலில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. மாமா இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டு, சுக்கு எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார்.

அடுத்த சுற்றுக்குப் பட்டியல் எழுதும்போது கீழத்தெருவின் கடைசியிலிருந்து தொடங்கினேன்.